ஆற்றுக்கு ஒரு மரப்படகு: வரைபடமும் கருவிகளும்

மரப்படகு கட்ட ஆசைப்படுபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது கருவிகளைப் பற்றித்தான். எந்த ரம்பம் நல்லது, டேபிள் சா என்ற மேசை ரம்பம் இல்லாமல் முடியுமா, இறுக்கிப் பிடிக்க எத்தனை கிளாம்ப் வேண்டும் என்று கேட்பார்கள். நான் பதிலுக்கு "எந்த ஆறு?" என்று கேட்பேன். ஆறு தெரிந்தால்தான் எந்த வரைபடம் என்று சொல்ல முடியும். வரைபடம் கையில் வந்த பிறகுதான் எந்தக் கருவி என்ற பேச்சே. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டவர்களின் கராஜில் விலையுயர்ந்த கருவிகள் இருக்கும், படகு இருக்காது.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், யூஜீன் நகரத்தை ஒட்டி வசிக்கிறேன். இங்கே ஓடும் மெக்கன்சி ஆற்றில் இறக்குவதற்காக ஒரு டிரிஃப்ட் படகு கட்டினேன். தட்டையான அடி, வெளியே சாய்ந்த பக்கங்கள், இரண்டு முனைகளும் மேலே தூக்கியிருக்கும் வடிவம். இந்த ஆற்றுக்காகவே பிறந்த படகு என்று சொன்னால் மிகையில்லை.

மெக்கன்சி, காஸ்கேட் மலைத்தொடரில் கிளியர் லேக் என்னும் ஏரியில் புறப்பட்டு, ஏறத்தாழ 145 கிலோமீட்டர் ஓடி, யூஜீனுக்கு வடக்கே வில்லமெட் ஆற்றில் கலக்கிறது. தண்ணீர் கோடையிலும் சில்லென்று இருக்கும். ஒரு வளைவில் ஆழம், அடுத்த வளைவில் முழங்கால் அளவு, நடுநடுவே பாறைகள், அலையடிக்கும் விரைவோட்டங்கள். இதில் வேகமாகப் போகும் படகு ஆபத்து. நீரோட்டத்தைவிட மெதுவாகப் போகும் படகுதான் வேண்டும். அதனால் படகின் கூர்முனை ஆறு ஓடும் திசையைப் பார்த்திருக்கும். துடுப்பு போடுபவரும் அதே திசையைப் பார்த்து உட்கார்ந்து, ஓட்டத்துக்கு எதிராகத் துடுப்பை இழுப்பார். படகு தண்ணீரைவிட நிதானமாக இறங்கும். எதிரே வரும் பாறையைப் பார்த்து, படகைச் சற்றே சாய்கோணத்தில் திருப்பி இழுத்தால், அது பக்கவாட்டில் நகர்ந்து வழிவிடும்.

இப்படி நின்ற இடத்தில் சுழல வேண்டும் என்றால் படகின் முழு நீளமும் தண்ணீரில் பதியக் கூடாது. அடிப்பகுதி நீளவாக்கில் வில் மாதிரி வளைந்திருக்க வேண்டும். நடுப்பகுதி மட்டும் நீரில் பதியும், முனைகள் மேலே நிற்கும். பக்கங்கள் வெளியே சாய்ந்திருப்பதால், பாரம் ஏறி படகு அமிழ அமிழ அகலம் கூடி மிதப்பும் கூடும். அலை வந்தால் எழும்பிக் கொடுக்கும்.

இதே படகை மெதுவாக ஓடும் அகலமான ஆற்றில் இறக்கிப் பாருங்கள். காற்று அதை இலையாக அடித்துக்கொண்டு போகும். நேராகப் போகவே மறுக்கும். வில்லமெட்டின் கீழ்ப்பகுதியில் டிரிஃப்ட் படகோடு மல்லுக்கட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். படகின் மேல் குற்றமே இல்லை. அங்கே அடி வளைவு குறைந்த, நீளமான ஸ்கிஃப் வகைப் படகு சுகமாகப் போகும். மிசூரி, ஆர்கன்சா பக்கத்து ஓசார்க் ஆறுகளில் நீளமாக, ஒடுக்கமாக, தட்டையாக இருக்கும் ஜான் படகுகள் அந்த ஆறுகளுக்குத் தக்கபடி உருவானவை. கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யனில் அலைகள் திறந்த படகை நிரப்பிவிடும். அதனால் 1960-களில் மார்ட்டின் லிட்டன் என்ற படகோட்டி மெக்கன்சியின் டிரிஃப்ட் படகுகளை அங்கே கொண்டுபோனபோது மேல்தளம் போட்டு மூடவேண்டி வந்தது. குடும்பம் ஒன்றுதான், ஆறு மாறியதும் படகும் மாறிவிட்டது.

உங்கள் ஆற்றை ஒரு பருவத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் குறைந்த மாதத்தில் எவ்வளவு ஆழம், படகை எங்கே இறக்கி எங்கே ஏற்றுவீர்கள், எத்தனை பேர் உட்காருவார்கள், அங்கே ஏற்கெனவே என்ன படகு ஓடுகிறது என்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஓர் ஆற்றில் தலைமுறையாக ஓடும் படகின் வடிவத்தை அந்த ஆறே சோதித்துப் பார்த்திருக்கிறது. நம் பாக் நீரிணைக் கரையின் வத்தைகளும் தட்டை அடி கொண்டவைதான், ஆழமில்லாத அந்தக் கடலுக்கு அதுவே தோது.

டிரிஃப்ட் படகின் வடிவத்துக்கு ஆற்றோடு இன்னொரு காரணமும் உண்டு: ப்ளைவுட். 1905-இல் போர்ட்லாண்டில் நடந்த லூயிஸ்-கிளார்க் கண்காட்சியில்தான் இந்தப் பகுதியின் டக்ளஸ் ஃபிர் மரத்தில் செய்த ப்ளைவுட் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. 1930-களில் தண்ணீருக்கு அசராத பசை கிடைத்த பிறகு, பலகை அடித்த பழைய கனமான படகுகளின் இடத்தை ப்ளைவுட் படகுகள் பிடித்தன. யூஜீனில் டாம் கார்ஹஸ், பக்கத்து ஸ்பிரிங்ஃபீல்டில் வுடி ஹிண்ட்மன் ஆகிய படகு கட்டுபவர்கள் செய்து செய்து மெருகேற்றிய வடிவங்களையே இன்றும் நாங்கள் பின்பற்றுகிறோம்.

ப்ளைவுட் ஒரு திசையில்தான் வளையும். காகிதத்தை உருளையாகவோ கூம்பாகவோ சுருட்டலாம், கிண்ணமாக்க முடியாது, அதே விதிதான். ஒரு நீளமான காகிதத் துண்டை எடுத்து, இரு முனைகளையும் உட்பக்கமாக வளைத்து, மேல்விளிம்பை வெளியே சாய்த்துப் பிடியுங்கள். நேராக வெட்டிய கீழ்விளிம்பு தானாகவே வில்லாகும். டிரிஃப்ட் படகின் அடி வளைவு பிறப்பது இப்படித்தான். இதைக் கையால் செய்து பார்த்தவர்கள் வரைபடத்தில் கைவைக்க யோசிப்பார்கள். "நடுவில் மட்டும் இரண்டு அங்குலம் அகலமாக்கிக்கொள்கிறேன்" என்று ஒரு விலாச்சட்டத்தை (படகின் உள்ளே விலா எலும்பு மாதிரி குறுக்கே நிற்கும் சட்டம்) மாற்றினால் பக்கத்தின் சாய்வு மாறும், அதோடு அடியின் வளைவும் மாறும், கடைசியில் அது வேறு படகாகிவிடும். அகலம் வேண்டுமென்றால் அகலமான வரைபடத்தை வாங்குங்கள்.

சரி, வரைபடத்துக்கு வருவோம். சந்தையில் கிடைப்பவை எல்லாம் ஒரே தரம் அல்ல. சிலவற்றில் அளவு அட்டவணை மட்டும் இருக்கும். 2-3-5 என்று போட்டிருந்தால் 2 அடி, 3 அங்குலம், அங்குலத்தில் எட்டில் 5 பங்கு என்று படிக்க வேண்டும். அந்த எண்களைக் கொண்டு படகின் கோடுகளைத் தரையிலோ பலகையிலோ முழு அளவில் வரைந்து, மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து வைத்துச் சரிபார்க்க வேண்டும். அருமையான பயிற்சிதான், ஆனால் பொறுமையும் இடமும் வேண்டும். சிலவற்றில் பக்கப் பலகைகளை விரித்த வடிவத்திலேயே அளவு கொடுத்திருப்பார்கள். நேராக ப்ளைவுட் மேல் குறித்து வெட்டலாம். முதல் படகுக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். மூன்றாவது, முழு அளவுக் காகித அச்சு. வசதியாகத் தோன்றும். ஆனால் காகிதம் ஈரப்பதத்தில் நீளும், சுருங்கும். மழைக்கால ஒரிகனில் 14 அடி நீளத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அதனால் எண்களும் சேர்ந்தே இருக்கும் வரைபடமாகப் பாருங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் அந்த வரைபடத்தை வைத்து வேறு யாராவது படகு கட்டி முடித்திருக்கிறார்களா, அது தண்ணீரில் இருக்கும் படம் உண்டா என்று தேடுங்கள். பொருள் பட்டியல், ஒவ்வொரு கட்டையின் தடிமன், விலாச்சட்டங்களின் விளிம்புச் சாய்வுக் கோணம், காலிப் படகின் எடை ஆகிய நான்கும் இருக்க வேண்டும். விளிம்புச் சாய்வு கொடுக்காத வரைபடம் உங்களைப் பல இரவுகள் யோசிக்க வைக்கும். சந்தேகம் கேட்டால் பதில் சொல்லும் வடிவமைப்பாளர் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். மொத்தச் செலவில் வரைபடத்தின் விலை மிகச் சிறிய பங்கு. ப்ளைவுட்டும், எபாக்சி என்ற இரண்டு பொருள் கலந்து செய்யும் பசையும்தான் பர்ஸைக் காலி செய்யும்.

நீளத்தைத் தீர்மானிக்கும்போது ப்ளைவுட் தாளின் அளவை மறந்துவிடக் கூடாது. ஒரு தாள் 8 அடிக்கு 4 அடி. இரண்டு தாள்களை நீளவாக்கில் சேர்க்க, இரண்டின் விளிம்பையும் சாய்வாகச் செதுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுவோம். ஸ்கார்ஃப் என்பார்கள். தடிமனைப்போல் எட்டு மடங்கு சாய்வு வேண்டும்: கால் அங்குல ப்ளைவுட்டுக்கு 2 அங்குலம். ஆக, இரண்டு தாள் சேர்ந்தால் 16 அடிக்குச் சற்றுக் குறைவு. 16 அடிப் படகின் பக்கப் பலகை வளைவோடு சேர்த்து 16 அடியைத் தாண்டிவிடும், ஒரு பக்கத்துக்கு மூன்று துண்டு தேவைப்படும். 14 அடிப் படகு இரண்டு துண்டில் முடிந்துவிடும். இரண்டு பேரும் ஒரு துடுப்புக்காரரும் போக 14 அடி எனக்குப் போதுமாக இருந்தது. இணைப்பும் குறைந்தது, செலவும் குறைந்தது.

அடுத்து, கட்டும் முறை. ஒன்று, விலாச்சட்டங்கள் வைத்துத் திருகாணி போட்டுக் கட்டும் பழைய முறை. மற்றொன்று, ப்ளைவுட் பலகைகளின் விளிம்பில் ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, மூலையில் எபாக்சிக் குழம்பைப் பூசி, அதன்மேல் கண்ணாடியிழைத் துணி ஒட்டும் முறை. தையல் முறையில் தச்சுவேலை குறைவு, கருவிகளும் குறைவு. ஆனால் எபாக்சி நிறைய செலவாகும், அப்புறம் தேய்ப்பு வேலை. மூக்கை மூடிக்கொண்டு வாரக்கணக்கில் தேய்க்க வேண்டியிருக்கும். நான் விலாச்சட்ட முறையைத் தேர்ந்தெடுத்தேன். என் கராஜ் குளிர்காலத்தில் ஜில்லென்று ஈரமாக இருக்கும், எபாக்சிக்கு அது ஆகாது. இன்னொரு காரணம், பாறையில் மோதி ஒரு சட்டம் உடைந்தால் அதைக் கழற்றி வேறு போடலாம் என்பது.

விலாச்சட்ட முறையில் ஒரு கட்டம் வரும். பக்கப் பலகைகள் இரண்டையும் நிறுத்தி, நடுச்சட்டங்களில் பிணைத்து, முனைகளில் கயிறு போட்டு, கயிற்றில் ஒரு கம்பைச் செருகி முறுக்குவோம். முறுக்க முறுக்கப் பலகைகள் உள்ளே வளைந்து, படகின் மூக்கில் நிற்கும் அணியக் கட்டையில் வந்து சேரும். அதுவரை தட்டையாகக் கிடந்த ப்ளைவுட், அரை மணி நேரத்தில் படகின் வடிவம் எடுக்கும். இதற்கு வேண்டிய கருவி ஒரு கயிறும் ஒரு கம்பும்தான். மரப்படகு வேலையில் எனக்கு மிகப் பிடித்த நேரம் இது.

ப்ளைவுட்டில் கை தொடுவதற்கு முன் அட்டையில் ஒரு மாதிரி செய்யுங்கள். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவு போதும். வரைபடத்தை நாம் சரியாகப் படித்திருக்கிறோமா என்பது அந்த அட்டைப் படகில் தெரிந்துவிடும். அளவு இடிக்கும் இடத்தில் அட்டை பொருந்தாது. வீட்டில் இருப்பவர்களிடம் எங்கே யார் உட்காருவது என்று காட்டவும் உதவும்.

மரம். ப்ளைவுட் தேர்வில் மரைன், அதாவது படகுத் தரம், என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். இங்கே டக்ளஸ் ஃபிர் ப்ளைவுட்டில் வெளிப்புறப் பயன்பாட்டுத் தரத்துக்கும் மரைன் தரத்துக்கும் பசை ஒன்றுதான். வித்தியாசம் உள் அடுக்குகளில் இருக்கிறது. மலிவானதில் நடு அடுக்கில் பொந்துகள் இருக்கும். வளைக்கும்போது சரியாக அந்த இடத்தில் முறியும், தண்ணீரும் அங்கேதான் தங்கும். பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தரத்தில் வரும், ஒகூமே என்ற மரத்தில் செய்த ப்ளைவுட் எடை குறைவு, அழகாக வளையும், ஆனால் ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் சீக்கிரம் உளுத்துவிடும். மெராண்டி மரத்தில் செய்தது கனம், உளுப்பை அதைவிட நன்றாகத் தாங்கும். படகை கூரைக்குக் கீழ் டிரெய்லரில் வைப்பவர்களுக்கு ஒகூமே போதும்.

சட்டங்களுக்கு இங்கே கிடைக்கும் போர்ட் ஆர்ஃபோர்டு சீடர் மரத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தெற்கு ஒரிகனிலும் வடக்குக் கலிஃபோர்னியாவிலும் மட்டும் இயற்கையாக வளரும் மரம், எளிதில் உளுக்காது, இழைக்கும்போது இஞ்சி மணம் அடிக்கும். அடி வாங்கும் இடங்களுக்கு வெள்ளை ஓக். இதில் ஒரு கவனம் வேண்டும். சிவப்பு ஓக் பார்க்க ஏறத்தாழ அதே மாதிரி இருக்கும், விலையும் குறைவு, ஆனால் அதன் நுண்குழாய்கள் திறந்தவை. சிறு துண்டின் ஒரு முனையில் வாய்வைத்து ஊதினால், தண்ணீரில் வைத்த மறுமுனையில் குமிழி வரும். அந்த மரம் தண்ணீரை உறிஞ்சி உளுத்துப்போகும். வெள்ளை ஓக்கில் குழாய்கள் அடைபட்டிருக்கும். திருகாணிகளுக்கு சிலிக்கான் வெண்கலம்தான். துருப்பிடிக்காத எஃகு கூட, காற்றுப் படாமல் ஈர மரத்துக்குள் புதைந்திருந்தால் அரிக்கப்படும்.

இப்போது கருவிகள். என்னை ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், உள்ளங்கையில் அடங்கும் சிறிய இழைப்புளி என்பேன். ஸ்கார்ஃப் செதுக்குவது, விலாச்சட்டத்தின் விளிம்பைச் சாய்ப்பது, அடிப்பலகை உட்காரும் இடத்தைச் சமன் செய்வது, மேல்விளிம்பை உருட்டுவது என்று எல்லாம் அதன் வேலை. படகில் செங்கோணம் என்று எதுவுமே இல்லை, எல்லா இடத்திலும் ஒரு சாய்வு இருக்கும். அந்தச் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப்பிடிக்க மின்கருவியைவிட இழைப்புளிதான் சொன்னபடி கேட்கும். ஆனால் கூர் இருக்க வேண்டும். 1000, 4000 என்று சொரசொரப்பு எண் போட்ட இரண்டு சாணைக்கற்கள் வாங்கி, தீட்டப் பழகிக்கொண்டு அப்புறம் வேலையை ஆரம்பியுங்கள். மழுங்கிய இழைப்புளியோடு ஓக் மரத்தில் போராடி, மரவேலையே நமக்கு வராது என்று விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வராமல் போனது தீட்டுவது மட்டும்தான்.

கோணத்தைப் படகிலிருந்து எடுத்து மரத்துக்கு மாற்ற, திருகி நிறுத்தும் கோணமட்டம் ஒன்று வேண்டும். ப்ளைவுட் வெட்ட ஜிக்சா போதும். நீளமான, மெல்லிய வளைவுகளுக்குச் சிறிய வட்ட ரம்பத்தை ப்ளைவுட் தடிமனுக்குச் சற்றே கூடுதலாக இறக்கி வைத்தால் கோடு இன்னும் சுத்தமாக வரும். ஜப்பானிய இழுப்பு ரம்பம் ஒன்று, பேட்டரி ட்ரில், திருகாணித் தலை பதிய குழிவெட்டும் முனை, வட்டத் தேய்ப்பான் ஒன்று. டேபிள் சா என்னிடம் இல்லை. மேல்விளிம்புக்கான நீளக் கட்டைகளை மரக்கடையிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்கினேன். முழுப் படகிலும் அதற்கான தேவை அந்த ஒரு நாள்தான்.

கிளாம்ப் மட்டும் எத்தனை இருந்தாலும் போதாது. மேல்விளிம்பை ஒட்டும்போது அரையடிக்கு ஒன்று வேண்டும். அத்தனையும் வாங்க வேண்டியதில்லை. தடித்த பி.வி.சி. குழாயை வளையல்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டுப் போட்டு விரித்து மாட்டினால் நல்ல கவ்வு கிடைக்கும். மீதியை அக்கம்பக்கத்தில் இரவல் கேளுங்கள். படகு கட்டுகிறேன் என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

எபாக்சியில் கவனமாக இருங்கள். பிசினும் கடினமாக்கியும் எந்த விகிதம் என்று தயாரிப்பாளர் சொல்கிறாரோ, 5-க்கு 1 ஆனாலும் 2-க்கு 1 ஆனாலும், அதை மீறக் கூடாது. கடினமாக்கியைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகாது, இறுகாமலே பிசுபிசுவென்று நின்றுவிடும். குவளையில் மொத்தமாகக் கலந்து வைத்தால் சூடேறிப் புகையும், அகலமான தட்டில் ஊற்றிப் பரப்புங்கள். இறுகியபின் மேலே மெழுகு மாதிரி படலம் வரலாம். தேய்ப்பதற்கு முன் தண்ணீரால் கழுவ வேண்டும். கையுறை இல்லாமல் தொடவே கூடாது. ஒருமுறை தோலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க எபாக்சி பக்கம் போக முடியாமல் ஆகலாம். தேய்க்கும்போது நல்ல முகமூடி கட்டாயம். இவை இரண்டையும் ரம்பத்துக்கு முன்னால் வாங்குங்கள்.

அடிப்பலகை அரை அங்குலம் தடிமன் போட்டேன், பக்கங்கள் கால் அங்குலம். அடியின் வெளிப்புறத்தில் கண்ணாடியிழைத் துணி ஒட்டி, கடைசிப் பூச்சு எபாக்சியில் கிராஃபைட் தூள் கலந்தேன். பாறைமேல் வழுக்கிக்கொண்டு போகும். எபாக்சி வெயிலைத் தாங்காது, அதனால் மற்ற இடங்களில் அதன்மேல் பெயிண்ட்டோ வார்னிஷோ அவசியம். துடுப்புக்கு முதலிலேயே பணம் ஒதுக்கி வையுங்கள். இந்த அளவுப் படகுக்கு 9 அடிக்குக் குறையாத, ஆஷ் மரத்தில் செய்த துடுப்பு நல்லது. கூடவே ஒரு மாற்றுத் துடுப்பு. விரைவோட்டத்தின் நடுவில் ஒன்று முறிந்தால், மீதி ஒன்றை வைத்துப் படகை அடக்க முடியாது.

தமிழ்நாட்டில் கட்ட நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அங்கே ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் கேளுங்கள். சமையலறை அலமாரிக்காக விற்பதால் எல்லா ஊரிலும் கிடைக்கிறது, தாளும் அதே 8-க்கு 4 அளவுதான். முத்திரையோடு நிற்காமல், ஒரு தாளை வாங்கி நடுவில் அறுத்து, உள் அடுக்குகளில் பொந்து இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துண்டைச் சில மணி நேரம் கொதிக்க வைத்து, காயவிட்டு, மறுபடி கொதிக்க வையுங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தக் கடையை விட்டுவிடலாம். சட்டங்களுக்கு அயினி மரம் கிடைத்தால் விடாதீர்கள், கேரளத்தில் ஆஞ்சிலி என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாகப் படகுக்குப் போகும் மரம் அது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்தால்தான் எபாக்சி பிடிக்கும். எபாக்சி வாங்கும்போது மெதுவாக இறுகும் கடினமாக்கியைக் கேட்டு வாங்கி, சித்திரை வெயில் ஏறுவதற்குள் காலையிலேயே ஒட்டும் வேலையை முடித்துவிடுங்கள்.